குறைச் சாமான்

அவள் ஏற்றி அனுப்பிய தொழுவங்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. குழாயாகப் பார்த்திருக்கிறாள். வளைவாக, தொட்டியாக, சட்டமாகப் பார்த்திருக்கிறாள். மாடு நிற்கும் தொழுவமாகப் பார்த்ததில்லை.

பட்டறை எடைமேடைக்கு எதிரில் இருந்தது. முன்பக்கம் வெல்டிங். நடுவில் துத்தநாகம் பூசி வந்த சாமான்கள் காயும் இடம். பின்பக்கக் கொட்டகை அவளுடையது. தொழுவம் அங்கேதான் கட்டுகளாகும். மாட்டுக்கும் மாட்டுக்கும் நடுவே நிற்கும் வளைவுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகுவாள். உரசும் இடங்களில் சாக்கு சுற்றுவாள். தீவனத் தொட்டிகளைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். தண்ணீர்க் கிண்ணங்களுக்கு வைக்கோல் திணிப்பாள். பிறகு கயிறு. அவள் போட்ட முடிச்சை அவிழ்க்க அவள்தான் வரவேண்டும் என்று பட்டறையில் கேலி செய்வார்கள்.

"சாக்கைச் சிக்கனமா சுத்தும்மா. மாட்டுக்கொட்டாய்க்குப் போறதுக்குப் பட்டுப்புடவை கட்டி விடற" என்பார் முதலாளி.

"பூச்சு போனா மூத்திரம் பட்டு ஒரு மழைக்காலம் தாங்காதுங்க."

"யார் சொன்னது?"

"உங்க பிட்டர்தான்."

"எனக்கு பிட்டர். உனக்குப் புருஷன். ரெண்டு பேரும் சேர்ந்து என் சாக்கைக் காலி பண்றீங்க."

பிட்டர் சாமானோடு லாரியில் போவான். அங்கேயே தங்கி, சாமான்களைப் பூட்டித் தொழுவத்தை எழுப்பி நிறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் வருவான். அவன் போகும்போது இவள் கட்டியது எல்லாம் அவனோடு போகும். இவள் போனதில்லை. கட்டுகிறவர்கள் போகும் வழக்கம் இல்லை.

ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. அங்கே முதலில் வேண்டியது இங்கே கடைசியில் ஏறும். தண்ணீர்க் கிண்ணங்கள் லாரியின் அடிவயிற்றுக்குப் போகும். தூண்கள் கடைசியில், கதவோரம். அதனால் தொழுவத்தைப் பின்னாலிருந்து முன்னாலாக அவளுக்குத் தெரியும். தூங்கப் போகும்முன் கண்ணை மூடினால் கிண்ணத்திலிருந்து தொடங்கித் தூண் வரைக்கும் வருவாள். அதற்குள் தூக்கம் வந்துவிடும்.

இன்னொரு முறையும் உண்டு. அது முதலாளி போட்டது. ஏதாவது சாமான் குறைந்தால் டிரைவரிடம் கொடுத்தனுப்பக் கூடாது. சின்னச் சாமான் வழியில் காணாமல் போகும், அப்புறம் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். குறை என்று சொன்ன பிட்டரே காலி லாரியில் ஏறி வந்து, நேரில் எண்ணி வாங்கிப் போகவேண்டும். ஆரம்ப வருஷங்களில் அப்படி ஒன்றிரண்டு முறை நடந்தது. கொட்டகைக்கு இவள் வந்தபிறகு நடக்கவில்லை.

*

இந்த முறை அவன் போனது வெகுதூரம். பெரிய பண்ணை. ஒரு தொழுவம் நிறுத்தி முடித்ததும் அடுத்தது, அதற்கடுத்தது என்று லோடு போய்க்கொண்டே இருந்தது. லாரி திரும்பும்போது சாக்கு, கயிறு, முட்டுக்கட்டைகள் வரும். சாக்குகளைச் சுருட்டிக் கட்டியிருப்பான். சுருளுக்குள் அவன் அழுக்குத் துணி இருக்கும். அவள் துவைத்து அடுத்த லோடில் வைப்பாள்.

"பணத்தை பேங்குக்கு அனுப்பறான், அழுக்கை வீட்டுக்கு அனுப்பறான்" என்பார் மாமனார். இடுப்பு ஒடிந்து ஒட்டியவர். சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். வீட்டுச் சுவரில் அவர் இடதுகை படும் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு கட்டிலிலிருந்து கழிவறை வரை ஓடியது. சுண்ணாம்பு அடித்தாலும் கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடும்.

மழை தொடங்கியபோது வந்த சுருளில் துணி இல்லை. மறந்திருப்பான் என்று நினைத்தாள். அடுத்த சுருளிலும் இல்லை. அதற்கடுத்ததை அவிழ்த்து ஒவ்வொரு சாக்காக உதறிப் பார்த்தாள். வைக்கோல் தூசி கண்ணில் விழுந்தது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"துணி ஏன் வரல?"

"இங்க மெஷின் இருக்கு. போட்டா அதுவே தோச்சுடுது."

"மெஷினுக்குக் காலர் தெரியுமா?"

"தெரியல. நானும் பார்க்கல." பேச்சை மாற்றினான். "அப்பா எப்படி இருக்கார்?"

"இருக்கார். அவரை அவரே திட்டிக்கிறார். என்னைத் திட்ட ஆரம்பிச்சா உடம்பு தேறிடுச்சுன்னு அர்த்தம்."

"பாப்பா?"

"பரிட்சை. கணக்கைத் தவிர எல்லாம் சுலபமா இருந்துச்சாம்."

"என் பொண்ணு" என்றான். பிறகு, "கட்டிலுக்கு அடியில இருக்கே, பெரிய பெட்டி. அதை அடுத்த லோடுல போட்டுவிடு."

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

அவனிடம் இரண்டு பெட்டி. சின்னப் பெட்டி வெளியூர் போவதற்கு. பெரிய பெட்டி கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அது வீட்டை விட்டுப் போனதில்லை. ஊரிலிருந்து வந்தால் முதல் நாள் தூங்குவான். மறுநாள் அதைத் திறந்து ஒவ்வொரு சாமானாக எண்ணெய் போட்டுத் துடைப்பான். அந்த எண்ணெய் வாசனை வந்தால்தான் அவன் வந்ததாக வீட்டுக்கு அர்த்தம்.

"அது எதுக்கு?"

"பண்ணைக்காரம்மா இங்கேயே இருக்கச் சொல்றாங்க. இரும்பு வேலை எப்பவும் இருந்துக்கிட்டேதான் இருக்கும்ங்கறாங்க. வீடும் தர்றாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெட்டி வரட்டும்னேன்."

"பெட்டி மட்டும் வந்தாப் போதுமா?"

"நீங்களும் வரணும்னுதான்."

"மாமா இந்த வாசலைத் தாண்ட மாட்டார். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் பெட்டி கேக்கறீங்க."

போனில் அவனுக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. கனமாக, சீராக, நிறைய வாய்கள் ஒன்றாக மெல்வது போல.

"என்ன சத்தம்?"

"மாடு அசை போடுது" என்றான். குரல் மாறியிருந்தது. "இத்தனை வருஷமா நிறுத்திக் கொடுத்துட்டு வந்துடுவேன். மாடு உள்ள வர்றதுக்குள்ள லாரி ஏறிடணும். இங்கதான் முதல் தடவையா பார்த்தேன். நான் நிறுத்தினதுக்குள்ள அது வந்து நிக்குது. தலையைக் கொடுக்குது. உனக்கு எப்படிச் சொல்றது."

"எனக்கென்ன தெரியும். நான் குழாயைத்தான் பார்த்திருக்கேன்."

"அதான்" என்றான்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதிலிருந்தே அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

*

அந்தப் பண்ணைக்கு அடுத்த லோடு ஏறியது. கழுத்துப் பூட்டு வரிசைகள். மாடு தீவனம் தின்னத் தலையை நுழைத்துக் குனியும்போது ஒரு குழாய் சாய்ந்து கழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தக் குழாய் திரும்பிப் போகாமல் ஒரு கொண்டி விழுந்து பிடித்துக்கொள்ளும். தின்று முடிந்ததும் நீளக் கம்பி ஒன்றைத் தூக்கினால் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் திறக்கும். இதெல்லாம் அவளுக்கு வாய்வார்த்தையாகத் தெரியும். கொண்டிகளை அவள் தனியாக ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டுவாள். விரல் நீளம், விரல் கனம்.

பெட்டியை அவள் கொண்டுவரவில்லை. கேட்டால் மறந்துவிட்டது என்று சொல்லலாம் என்றிருந்தாள்.

லாரி மூடப்போகும் நேரம். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொண்டிப் பை அவள் கையில் இருந்தது. தூண்களுக்கு மேலே, கதவோரம் வைக்கவேண்டிய பை. அவள் இரண்டடி பின்னால் வந்து அதை வைக்கோல் போருக்குப் பின்னால் வைத்தாள். கை வைத்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் ஏறிடுச்சா தங்கச்சி?" டிரைவர் கேட்டார். அவர் பெயர் ராக்கெட். மாட்டுவண்டிகூட அவரை முந்திவிடும் என்பதால் வந்த பெயர்.

"ஏறிடுச்சு அண்ணே."

லாரி எடைமேடையில் ஏறி இறங்கி மழைக்குள் போனது. சிவப்பு விளக்கு வளைவில் மறையும்வரை நின்றாள். குறை என்று அவன் போன் செய்வான். வந்துதான் ஆகவேண்டும். வந்தால் ஒரு நாள் தூங்குவான். மறுநாள் பெட்டியைத் திறப்பான். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

போன் வரவில்லை. அவள் வீட்டைப் பெருக்கினாள். கட்டிலுக்கு அடியிலும் பெருக்கினாள். மகள் கேட்டாள், "அப்பா வர்றாராம்மா?"

"யார் சொன்னா?"

"நீ தலைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டியே."

ஒரு காலையில் முதலாளி கொட்டகைக்கே வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். வந்தால் தும்முவார்.

"ஏம்மா, கழுத்துப் பூட்டுல கொண்டிப் பை இல்லையாமே?"

அவள் வைக்கோல் போரைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றாள். "அப்படியா? பிட்டர் வர்றாருங்களா?"

"எங்க வர்றான்! கட்டினவங்க தப்பு, கட்டினவங்களே கொண்டாந்து கொடுக்கட்டும்ங்கறான். பொண்டாட்டின்னுகூடப் பார்க்கல பாரு." தும்மினார். "புதுத் தொழுவத்துக்கு மாடு வேற வந்து இறங்கிடுச்சாம். பூட்டு இல்லாம ஒண்ணையொண்ணு முட்டிக்குதாம். பை கிடைச்சா எடுத்துக்கிட்டு நீயே லாரி ஏறிடு."

"நானா?"

"பின்ன நானா? நான் போயிட்டா இங்க யாரு கத்தறது?"

அவளுக்கு முகம் எரிந்தது. அத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி அவன் ஒரு குறை சொன்னதில்லை. முதல்முறை சொன்னது முதலாளியிடம்.

மாமனாரிடம் சொன்னபோது அவர் சுவரைப் பிடித்தபடி நின்றார். "போயிட்டு வா. பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கும். நானும் பாப்பாவும் ரொட்டியைத் தின்னு கிடப்போம்."

"பெட்டியைக் கேட்டா என்ன மாமா சொல்றது?"

"அப்பன் அதுமேல உக்காந்திருக்கான்னு சொல்லு."

*

லாரியில் அவளுக்கு ஜன்னலோரம். மடியில் பை. கொண்டிகள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நகர்ந்து மடியில் குழி செய்தன. பின்னால் வேறு பண்ணைக்குப் போகும் ரப்பர் விரிப்புகள், சுருள் சுருளாக. அவளே சுருட்டியவை. மழை கண்ணாடியில் விழுந்து வழிந்தது. துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. அது ராக்கெட்டின் பக்கம்.

"உனக்கு ரோடு தெரியலையா?" என்றார்.

"பரவால்ல அண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"எனக்கும் பாதிதான் தெரியும். மீதி பழக்கம்." ஒரு வளைவில் மெல்லத் திருப்பினார். பின்னால் வந்த எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். "அடிங்கடா. நான் ஏத்தினதை யாரும் உடைச்சு இறக்கினதில்ல."

கொஞ்ச தூரம் போனபிறகு அவள் கேட்டாள். "அவர் எப்படி இருக்கார்?"

"யாரு, பிட்டரா? போன தடவை என்கிட்ட ஒண்ணு கேட்டான். அண்ணே, அவ கட்டும்போது ஏதாவது பாடுவாளான்னான். எனக்கு எப்படித் தெரியும், நான் டீ குடிக்கப் போயிருப்பேன்னேன். பாடுவியா?"

"இல்ல. எண்ணுவேன்."

"அதையே சொல்றேன் அவன்கிட்ட."

வழியில் டீ குடித்தார்கள். அவித்த முட்டை வாங்கிக் கொடுத்தார். காய் வாங்குகிறவர்போல அவள் பையைத் தூக்கி எடை பார்த்து, "இதுக்கு ஒரு லாரியா" என்றார். அவள் சிரித்தாள். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டாள்.

பண்ணை மேட்டில் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு, மதிய வெயில் ஈரத்தில் கண் கூசியது. கூரைகள் வரிசையாக மின்னின. லாரி நிற்கும்முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தூண்கள் அவள் தூண்கள். மேல் சட்டத்தில் அவள் சுற்றிய சாக்கின் நார் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது.

பிட்டர் தொழுவத்தின் வாயிலில் நின்றான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்தான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி துடைத்தான்.

"கொண்டு வந்தியா?"

"ம்."

பையை வாங்கிக் கையில் எடை பார்த்தான். "எங்க இருந்துச்சு?"

"வைக்கோலுக்குப் பின்னால."

"விழுந்துடுச்சா?"

"வெச்சேன்."

அவன் தலையாட்டினான். கோபம் இல்லை. "உன் கட்டுல ஒரு வாஷர் குறைஞ்சதில்ல. பையைக் காணோம்னதுமே தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சும் வரலையா?"

"நான் வந்திருந்தா பையை எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்திருப்பேன். நீ வந்தா இதைப் பார்ப்ப."

"அதுக்கு என்னை முதலாளிகிட்ட மாட்டி விட்டீங்க."

"வேற எப்படி உன்னை லாரி ஏத்துவார் அவர்?"

அவள் தொழுவத்தைத் தாண்டிப் பார்த்தாள். கொல்லைப்புறம் போலக் கிடந்த திறந்தவெளியில் மாடுகள் நின்றன. சேறு முழங்கால்வரை. அவற்றில் ஒன்று தனியாக வேலியோரம் நின்றது. இடுப்பெலும்பு தோலைத் தூக்கிக்கொண்டிருந்தது. விலாவில் முட்டு வாங்கிய காயம், புதிது.

"அது ஏன் அப்படி நிக்குது?"

"நோஞ்சான். பூட்டு இல்லாம விட்டா பலசாலிங்க முட்டித் தள்ளிடும். வயிறு முட்டத் தின்னுட்டு பக்கத்து மாட்டோடதையும் தின்னும். நோஞ்சான் ஒதுங்கிடும். நான் கையால கொஞ்சம் கொடுத்துப் பார்த்தேன். பயத்துல சரியாத் தின்னல."

அவள் வேலி வரைக்கும் போனாள். மாடு ஒரு அடி பின்வாங்கியது. பிறகு நின்று அவளைப் பார்த்தது. கண்ணோரம் ஈ.

"என்னாலயா?"

"நம்மாலதான்" என்றான் அவன். "வா. போடுவோம்."

*

அவன் நீளக் கம்பியைத் தூக்கிப் பிடித்தான். அவள் ஒவ்வொரு பூட்டாகக் கொண்டியை இறக்கினாள். அவன் எங்கே என்று சொல்ல வரும்முன் அவள் கை போனது. பின்னாலிருந்து முன்னாலாக அவள் மனதில் கிடந்தது இப்போது முன்னாலிருந்து பின்னாலாக நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் உயரம் அவளுக்குப் புதிது. கொட்டகையில் எல்லாம் காலடியில் கிடக்கும். இங்கே அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது.

கடைசிப் பூட்டுக்கு வந்தபோது அவன் சொன்னான், "அந்த ஓரத்து இடத்துல எப்பவும் மாடு கட்ட மாட்டோம். சீக்கு வந்தா நிறுத்தறதுக்கு. ஆனா கொண்டி போட்டு வெச்சுடு."

போட்டாள். பை காலியாயிற்று. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தொட்டியில் தீவனம் கொட்டினார்கள். கதவைத் திறந்தார்கள். மாடுகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. அவள் தூணோடு ஒட்டிக்கொண்டாள். முதலில் வந்தது ஒரு பெரிய மாடு. நேராகத் தலையை நுழைத்துக் குனிந்தது. குழாய் சாய்ந்தது. டக்.

அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. கொண்டியைப் பையில் போடும் சத்தம் தெரியும். லாரியில் குலுங்கும் சத்தம் தெரியும். இது வேறு. அடுத்த மாடு. டக். பிறகு இரண்டு சேர்ந்து. பிறகு தகரத்தில் மழை தொடங்குவதுபோல வரிசை முழுக்க.

பெரிய மாடு பக்கத்து மாட்டின் தீவனத்துக்குத் தலையைத் திருப்பப் பார்த்தது. முடியவில்லை. பெருமூச்சு விட்டுத் தன்னுடையதைத் தின்றது.

நோஞ்சான் கடைசியாக வந்தது. வெகுநேரம் நின்றது. கழுத்தை நீட்டி முகர்ந்தது. பிட்டர் அவள் கையைப் பிடித்தான், பேசாதே என்பதுபோல. மாடு தலையைக் கொடுத்தது. டக். காது விறைத்தது. யாரும் முட்டவில்லை. ஒரு வாய் எடுத்தது. இன்னொரு வாய்.

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். நாற்றம் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும்.

"இதான்" என்றான் அவன். "இதை உனக்கு போன்ல எப்படிச் சொல்றது."

மாடுகள் மென்றன. போனில் கேட்ட சத்தம். அவள் அதன் நடுவில் நின்றாள்.

பண்ணைக்காரம்மா வந்து பார்த்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் டீ. "நீதானா அந்த முடிச்சு? என் ஆளுங்க கத்தியால அறுத்துட்டு உன்னைத் திட்டுவாங்க. வா, வீட்டைப் பாரு."

வீடு தொழுவத்துக்கு எதிரில் இருந்தது. இரண்டு அறை. ஒரு ஜன்னல். கட்டிலுக்கு அடியில் சின்னப் பெட்டி. அதன் பக்கத்தில் பெரியதாக ஒன்று வைக்க இடம் விட்டிருந்தது. ஆணியில் இரண்டு சட்டை. அவள் அந்த அறையைச் சுற்றி வந்தாள். கழிவறைக் கதவைத் திறந்தாள்.

சுவரில் ஒரு குழாய் பதித்திருந்தது. மாட்டு வளைவில் மிஞ்சிய துண்டு. முனையை உருட்டி மழுக்கி, கை பிடிக்கும் உயரத்தில். வெளியே வந்து பார்த்தாள். குழாய் அங்கிருந்து கட்டில்வரை சுவரோடு ஓடியது. இடதுபக்கம்.

"இது யாருக்கு?" கேட்டாள். யாருக்கு என்று தெரிந்துதான் கேட்டாள்.

"அப்பா வந்தா."

"அவர் வர மாட்டாரே."

"வந்தா" என்றான்.

அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு கட்டில்வரை நடந்து பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. எங்கும் பிசிறு இல்லை.

"பெட்டி எங்கேன்னு கேக்கலையே?"

"கேட்டா தருவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அங்க வந்தா இந்தச் சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். இங்க இருந்தா உங்க மூணு பேர் சத்தமும் கேட்டுக்கிட்டே இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

கீழே ராக்கெட் ஹாரன் அடித்தார். ரப்பர் விரிப்பை இறக்கிவிட்டு வந்திருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே மேட்டைத் தாண்டவேண்டும் என்றார்.

"கன்றுக் கூண்டு ஒரு லோடு பாக்கி" என்றான் பிட்டர். "அதை நிறுத்தாம நகர முடியாது."

"அனுப்பறேன். ஒண்ணும் குறையாது."

அவன் சாக்குகளைச் சுருட்டப் போனான். அவள் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் சுருள் லாரியில் ஏறியிருந்தது. லாரி கிளம்பியபோது அவன் தொழுவத்துக்குள் நின்றான். மாடுகளின் முதுகுக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. கை அசைக்கவில்லை. அவளும் அசைக்கவில்லை.

வெகுதூரம் வந்தபிறகு ராக்கெட் சொன்னார், "சொன்னேன் அவன்கிட்ட. எண்ணுவாளாம்னு."

"என்ன சொன்னார்?"

"எண்ணட்டும்னான்."

*

வீட்டுக்கு வந்ததும் மகள் அவள் புடவையை முகர்ந்தாள். "ஐயே! மாடு எப்படிம்மா இருந்துச்சு?"

"பெருசா."

மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேட்கமாட்டார் என்று தெரியும். அவளே சொன்னாள். வீடு, ஜன்னல், சுவரோடு ஓடும் குழாய்.

"குழாயா? எந்தப் பக்கம்?" என்றார் எரிச்சலாக. "எனக்கு இடது பக்கம்தான் தோதுப்படும். அவனுக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போகுது."

"இடது பக்கம்தான் மாமா."

அவர் தன் இடதுகையைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். மகள் கணக்கு நோட்டை மூடினாள்.

"கழிவறையில வெளிச்சம் இருக்கா?" என்றார் கொஞ்சம் கழித்து.

"இருக்கு."

"சும்மா கேட்டேன்" என்றார். படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் கொட்டகையில் சுருளை அவிழ்த்தாள். அவன் முடிச்சு எப்போதும்போல் மோசமாக இருந்தது. ஒரு சாக்கு. இன்னொரு சாக்கு. மூன்றாவதுக்குள் சட்டை. நேற்று அவன் போட்டிருந்தது அல்ல, ஆணியில் தொங்கிய ஒன்று. துவைக்காதது. மாட்டு வாசனையும் அவன் வாசனையும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. பாக்கெட்டில் ஏதோ கனமாக இருந்தது.

கொண்டி.

அவள் கையில் வைத்துப் பார்த்தாள். எல்லாப் பூட்டிலும் அவளே இறக்கினாள். பை காலியாகி இடுப்பில் செருகிய பிறகுதான் மாடுகளை விட்டார்கள். எந்த மாடும் நிற்காத ஓரத்து இடத்தை நினைத்துக்கொண்டாள். அவள் முகம் கழுவப் போன நேரத்தில் அவன் அங்கே போயிருக்கிறான்.

வாசலில் தும்மல் கேட்டது.

"வந்துட்டியா? எல்லாம் சரியாப் போச்சா? மாடு, மனுஷன் எல்லாம் சௌக்கியமா?" என்றார் முதலாளி.

"சௌக்கியம்தாங்க." அவள் உள்ளங்கையை மூடினாள். "ஒரு கொண்டிதான் குறையுது."

"மறுபடியுமா!" அவர் கத்தியதில் வெல்டிங் சத்தம் நின்றது. "இனிமே உன்னை அனுப்ப என்னால முடியாது. கன்றுக் கூண்டு போகுதில்ல? அதை நிறுத்தி முடிச்சுட்டு அவனையே காலி லாரியில ஏறி வரச் சொல்லு. நேர்ல வந்து எண்ணி வாங்கிக்கிட்டுப் போகட்டும்!"

"சரிங்க" என்றாள்.

அவர் போனதும் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். காலரில் அழுக்கு தடிப்பாகப் படிந்திருந்தது. மெஷினுக்குக் காலர் தெரியவில்லை.